பூனை வாயிலிருந்து விழுந்த புறா ஏன் அசையாமல் கிடந்தது?

பெரம்பூரில் இருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. மொட்டை மாடியில் பூனை ஒரு புறாவைப் பிடித்துவிட்டது. இவர் விரட்டியதும் புறாவைப் போட்டுவிட்டுப் பூனை ஓடிவிட்டது. புறா மல்லாந்து கிடந்தது, துளி அசைவு இல்லை. செத்துவிட்டது என்று நினைத்துக் கையில் எடுத்திருக்கிறார். கண் திறந்துதான் இருந்ததாம். ஆனால் இறக்கையை அடிக்கவில்லை, கொத்தவில்லை, சாதுவாகக் கையிலேயே கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திடீரென்று படபடவென்று எழுந்து பறந்துவிட்டது. "அது நடித்ததா, மயங்கியதா, இல்லை என்னை நம்பிக் கையில் இருந்ததா? சில விலங்குகள் பயந்தால் ஓடாமல் ஏன் இப்படி உறைந்துபோகின்றன?" என்று கேட்கிறார்.

மூன்றும் இல்லை. யோசித்து நடிக்கிற வேலை அங்கே நடக்கவில்லை. நினைவும் தப்பவில்லை. நம்பிக்கை என்பதற்கு அந்த நேரத்தில் இடமே இல்லை. அந்தப் புறா அன்றைக்கு அனுபவித்த உச்சகட்டப் பயம் உங்கள் கையில் இருந்த அந்தச் சில நிமிடங்களாகக்கூட இருக்கலாம். உங்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, நீங்கள் அதைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். ஆனால் அசையாமல் இருக்கிற பிராணி அமைதியாக இருக்கிறது என்று நினைத்துத்தான் நல்ல மனசுக்காரர்கள் பலர் அதற்கு மேலும் தொல்லை கொடுத்துவிடுகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இதில் இரண்டு வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன. எதிரி தூரத்தில் இருக்கும்போது நடப்பது ஒன்று. எதிரியின் பிடியில் சிக்கிய பிறகு நடப்பது இன்னொன்று.

முதலாவதைப் பார்க்க வேண்டுமென்றால் கோடைக்காலத்தில் பள்ளிக்கரணைப் பக்கம் போங்கள். சதுப்பு நிலத்தை ஒட்டிய மண்மேட்டில் நடந்தால் ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றி வந்து கத்தித் தீர்க்கும். அப்படிக் கத்தினால் பக்கத்தில் குஞ்சு இருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்திலேயே நின்று, காலை எடுத்து வைக்காமல், தரையை மட்டும் பாருங்கள். முதலில் சரளைக்கல்தான் தெரியும். பிறகு அதில் ஒரு கல்லுக்குக் கண் இருப்பது தெரியும். முட்டையிலிருந்து வந்து ஒன்றிரண்டு நாளே ஆன குஞ்சு, தாய் கத்தியதும் எங்கே ஓடிக்கொண்டிருந்ததோ அங்கேயே தரையோடு தரையாக ஒட்டிப் படுத்துவிடும். முதுகு முழுக்க மண்ணும் கருப்புமாகப் புள்ளிகள். கண் பளபளக்கும், விலா லேசாக ஏறி இறங்கும், அவ்வளவுதான் அசைவு. ஷூ ஒரு சாண் தூரத்தில் வந்தாலும் எழாது. தாயின் குரல் அடங்கிய பிறகுதான் எழுந்து ஓடும். பிறந்து ஓரிரு நாளில் அதற்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. தாயின் எச்சரிக்கைக் குரல் கேட்டால் படு என்பது அதன் உடம்பிலேயே எழுதப்பட்டு வருகிறது.

இது ஏன் பலிக்கிறது? வேட்டையாடும் பிராணிகளின் கண், அசைவுக்குத்தான் முதலில் திரும்பும். 1959-இல் ஜெரோம் லெட்வினும் அவருடைய சகாக்களும் தவளையின் கண் நரம்புகளை ஆராய்ந்தபோது, அசையாத பூச்சி கண்முன்னே கிடந்தாலும் தவளை அதை இரையாக எடுத்துக்கொள்வதில்லை என்பதைச் சுட்டிக்காட்டினார்கள். செத்த ஈக்களைச் சுற்றிலும் குவித்து வைத்தாலும் தவளை பட்டினி கிடக்கும். பூனைக்கும் பருந்துக்கும் கண் அவ்வளவு மோசமில்லை, நிற்கிற பொருளும் தெரியும். ஆனாலும் அசைந்தால் சட்டென்று பிடித்துவிடும், அசையாவிட்டால் தேட வேண்டியிருக்கும். இலையும் மண்ணும் மாதிரி நிறம் இருந்து என்ன பயன், அந்த நிறத்தோடு ஓடினால்? அதே பள்ளிக்கரணையில் மஞ்சள் குருகு கோரைக்கு நடுவே அலகை வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு, கழுத்தை நீட்டி, ஒரு கோரைத்தண்டாகவே நின்றுவிடும். கழுத்தில் ஓடும் கோடுகள் கோரையோடு கலந்துவிடுவதால், பைனாகுலரைக் கொஞ்சம் நகர்த்திவிட்டால் மறுபடி கண்டுபிடிக்கத் திணற வேண்டியதுதான்.

ஒளிந்துகொள்வது மட்டும் இதன் வேலை இல்லை. கிண்டி தேசியப் பூங்காவில் புள்ளிமான் கூட்டத்தில் ஒன்று திடீரென்று மேய்வதை நிறுத்திவிட்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கழுத்து நிமிர்ந்திருக்கும், இரண்டு காதும் ஒரே திசைக்குத் திரும்பியிருக்கும், முன்னங்கால் ஒன்று பாதி தூக்கியபடி இருக்கும். சருகில் தன் காலடிச் சத்தமே இல்லையென்றால் அடுத்தவர் காலடி நன்றாகக் கேட்கும். எங்கிருந்து வருகிறது, எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் ஓடலாம் என்பதெல்லாம் அந்த நிற்கும் நேரத்தில்தான் முடிவாகிறது.

அந்த நேரத்தில் உடம்புக்குள் நடப்பதுதான் எனக்கு எப்போதும் ஆச்சரியம். பயந்தால் நெஞ்சு படபடக்கும் என்பதுதானே நமக்குத் தெரிந்தது? இங்கே நேர்மாறாக இதயத் துடிப்பு இறங்குகிறது. அமெரிக்காவில் வெள்ளைவால் மான் குட்டிகளின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தபோது, ஆபத்தான சத்தம் கேட்டதும் குட்டி ஒடுங்கிப் படுத்தது, துடிப்பும் சட்டென்று குறைந்தது. ஆனால் தசைகள் தளரவில்லை, முறுக்கேறித்தான் இருக்கின்றன. உடம்பை முடுக்கிவிடும் நரம்பு மண்டலமும் அடக்கும் நரம்பு மண்டலமும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. மவுண்ட் ரோடு சிக்னலில் கியரைப் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி, ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டு நிற்கிற பைக்கை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி நகரவில்லை என்பதற்காக அது ஓய்வெடுக்கிறது என்று சொல்ல மாட்டோம்.

அப்படியானால் எப்போது நிற்பது, எப்போது ஓடுவது என்பதை எது முடிவு செய்கிறது? வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் 1915-இல், ஆபத்து வந்தால் உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது என்று எழுதினார். அது அப்படியே பள்ளிப் பாடம் வரை வந்துவிட்டது, உறைந்து நிற்பது விட்டுப்போனது. பிற்பாடு ராபர்ட் பிளான்சார்ட், கரோலின் பிளான்சார்ட் தம்பதி எலிகளை வைத்து விளக்கமாகக் காட்டினார்கள்: தப்பிக்க வழி இருந்தால் எலி ஓடுகிறது, வழி இல்லையென்றால் உறைகிறது. சுண்டெலிகளை வைத்துச் செய்த சோதனை இன்னும் அழகானது. தலைக்கு மேல் ஒரு திரையில் கருப்பு வட்டம் வேகமாகப் பெரிதாகிக்கொண்டே வந்தால், அதாவது ஏதோ பாய்ந்து இறங்குவது மாதிரி தெரிந்தால், எலி பெரும்பாலும் மறைவிடத்துக்கு ஓடுகிறது. அதே வட்டம் சின்னதாகத் திரையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மெதுவாகக் கடந்து போனால், எலி அப்படியே நின்றுவிடுகிறது. மேலே வட்டமிடும் பருந்து இன்னும் தன்னைப் பார்க்கவில்லை, ஓடினால்தான் பார்க்கும். பாய்கிற பருந்து பார்த்தாகிவிட்டது, இனி நின்று பயனில்லை. மெரினாவில் மேலே எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும் பருந்துகளைப் பார்க்கும்போது, கீழே இருக்கும் எத்தனை சின்னத் தலைகளுக்குள் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

கணக்கு என்று சொன்னாலும் இதில் யோசனை எதுவும் கிடையாது. யோசிக்க நேரமும் இல்லை. மூளையில் பாதாம்பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலா என்ற பகுதி ஆபத்தை உணர்ந்ததும் நடுமூளைக்குச் செய்தி போகிறது. அங்கே ஒரு மெல்லிய கால்வாயைச் சுற்றி சாம்பல் நிறத்தில் ஒரு பகுதி இருக்கிறது. அதன் மேல்பக்கத்தைத் தூண்டினால் விலங்கு ஓடும், கீழ்ப்பக்கத்தைத் தூண்டினால் உறையும். அங்கிருந்து முகுளம் வழியாகத் தண்டுவடத்துக்குக் கட்டளை இறங்கிவிடுகிறது. ஓடுவதற்கும் உறைவதற்கும் தனித்தனித் தடம் இருக்கிறது என்பதுதான் இதில் முக்கியம். உறைவது என்பது ஓட முடியாமல் போனதன் மிச்சம் கிடையாது. அதற்கென்றே ஒரு இயந்திரம் உள்ளே இருக்கிறது.

சரி, இப்போது உங்கள் புறா. அது இரண்டாவது வகை. எதிரி பிடித்தே விட்டது, திமிறியும் விட முடியவில்லை என்ற கட்டத்தில் வருவது. ஆங்கிலத்தில் இதை டானிக் இம்மொபிலிட்டி என்பார்கள். கோழியைப் பிடித்து மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சை லேசாக அழுத்திக் கொஞ்ச நேரம் வைத்திருந்து கையை எடுத்தால் அது எழாமல் அப்படியே கிடக்கும். கிராமத்தில் வளர்ந்தவர்கள் பலர் சின்ன வயதில் செய்து பார்த்திருப்பார்கள். அத்தனாசியஸ் கிர்ச்சர் என்ற பாதிரியார் 1646-இலேயே இதைப் பெரிய அதிசயமாக எழுதி வைத்திருக்கிறார். கோழிக்கு முன்னால் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டைத் தன்னைக் கட்டிய கயிறு என்று கோழி கற்பனை செய்துகொள்கிறது என்பது அவர் விளக்கம். கோட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பிடித்து அமுக்கியதுதான் காரணம்.

உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் கோழிகளை வைத்தே கிடைத்திருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் கார்டன் கேலப் என்ற அமெரிக்க ஆய்வாளர், இப்படி உறைந்த கோழிக்குப் பக்கத்தில் பஞ்சடைத்த பருந்து ஒன்றை வைத்துப் பார்த்தார். பருந்து இருந்தால் கோழி அதிக நேரம் உறைந்து கிடந்தது. பருந்தின் கண்ணை மறைத்தால் அந்த விளைவு குறைந்தது. மயங்கிக் கிடக்கிற பிராணிக்குப் பக்கத்தில் யார் முறைக்கிறார்கள் என்பது தெரியுமா? தெரிகிறது என்றால் அது முழுக்க விழித்திருக்கிறது. பயம் கூடக்கூட உறையும் நேரமும் கூடுகிறது. இன்றைக்குக் கோழிப்பண்ணை ஆய்வுகளில் ஒரு கோழி எவ்வளவு பயந்த சுபாவம் என்பதை அளக்கவே, அது எவ்வளவு நேரம் இப்படிக் கிடக்கிறது என்று பார்க்கிறார்கள். ஆகவே உங்கள் கையில் கிடந்த புறா உங்களைப் பார்த்துக்கொண்டேதான் கிடந்தது. அதன் கணக்கில் நீங்கள் இன்னொரு பெரிய பூனை.

பிடிபட்ட பிறகு அசையாமல் கிடந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றலாம். 1975-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நரிகளிடம் சிக்கிய வாத்துகளைக் கவனித்தார்கள். கவ்வியதும் பெரும்பாலான வாத்துகள் துவண்டுவிட்டன. நரி அதை உடனே கொல்லாமல் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு நகர்ந்தபோது சில வாத்துகள் எழுந்து தப்பின. ஆனால் அனுபவப்பட்ட நரி அவ்வளவு லேசில் ஏமாறவில்லை, முதலிலேயே கதையை முடித்துவிடக் கற்றுக்கொண்டது. பூனையும் கிட்டத்தட்ட அப்படித்தான். துடிக்கிற இரையை இறுக்கும், துவண்டதும் பிடி தளரும். அந்த ஒரு விநாடிதான் இரைக்குக் கிடைக்கிற வாய்ப்பு. எப்போதும் பலிக்கிற தந்திரம் இல்லை, வேறு எதுவும் மிச்சமில்லாதபோது கைகொடுக்கிற தந்திரம்.

இதைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை, சமையலறையே போதும். பழைய அரிசியை முறத்தில் கொட்டிப் புடைக்கும்போது மூக்கு நீண்ட கருப்பு வண்டு ஊர்ந்து போகும். அதை விரலால் தொட்டுப் பாருங்கள். ஆறு காலையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு, உருண்டு, கருகிய அரிசி மாதிரி கிடக்கும். முறத்தைத் தட்டினாலும் அசையாது. கொஞ்சம் பொறுத்தால் முதலில் உணர்கொம்பு நீளும், பிறகு ஒவ்வொரு காலாக வெளியே வரும், பிறகு விறுவிறுவென்று நடக்கும். கோதுமை மாவில் வரும் சிவப்பு வண்டை வைத்து ஜப்பானில் தகாஹிசா மியாதகேயும் குழுவினரும் 2004-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நீண்ட நேரம் செத்த மாதிரி கிடக்கும் வண்டுகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து ஒரு வம்சம், கொஞ்ச நேரமே கிடக்கும் வண்டுகளைத் தேர்ந்து இன்னொரு வம்சம். இரண்டையும் குதிக்கும் சிலந்தியிடம் விட்டபோது, நீண்ட நேரம் கிடந்த வம்சமே அதிகம் பிழைத்தது. பிறகு செய்த இன்னொரு ஆய்வில் மனசைக் கொஞ்சம் உறுத்துகிற ஒரு விஷயமும் தெரிந்தது. பக்கத்தில் வேறு வண்டு நடமாடினால் சிலந்தி அதைப் பிடிக்கப் போய்விடுகிறது. அசையாமல் கிடப்பவன் பிழைப்பது சில நேரம் அசைகிற அண்டைவீட்டுக்காரனின் செலவில்.

தண்ணீருக்குள் போனால் கதை இன்னும் மாறும். சுறாக்களுக்கு இரையின் உடம்பிலிருந்து கசியும் மிக மெல்லிய மின்சாரத்தை உணரும் திறன் உண்டு, அங்கே கண்ணிலிருந்து மட்டும் மறைந்தால் போதாது. மூங்கில் சுறா என்ற சின்னச் சுறா வகை முட்டையிடும். முட்டைக்குள் இருக்கும் குட்டி, வேட்டைமீனின் மின்புலம் மாதிரி ஒன்றை உணர்ந்ததும் செவுள் அசைவைக்கூட நிறுத்திவிடுகிறது, அதாவது மூச்சையே பிடித்துக்கொள்கிறது. இது 2013-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பதிவு செய்தது. இன்னும் பிறக்கவே இல்லை, அதற்குள் ஒளியக் கற்றாகிவிட்டது.

இதோடு குழப்பிக்கொள்ளும் சில விஷயங்களும் உண்டு. வீடியோவில் பயந்து விழும் அமெரிக்க ஆடுகளைப் பார்த்திருப்பீர்கள். அது மரபணுக் கோளாறு. சுருங்கிய தசை உடனே தளர முடியாமல் விறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆடு முழு நினைவோடுதான் இருக்கும். தாய்ப்பூனை பிடரியைக் கவ்வித் தூக்கும்போது குட்டி துவண்டு தொங்குவதும் வேறு. அது குட்டியைத் தூக்கிப்போக வசதியாக அமைந்தது. அதைப் பார்த்து வளர்ந்த பூனையைப் பிடரியில் பிடித்துத் தூக்கினால் பூனை அசையாதுதான், ஆனால் அந்த அசையாமை பயத்தினால் வருவது.

இந்த இயந்திரம் உருவான காலத்தில் லாரி கிடையாது. ஓஎம்ஆர் சாலையில் ராத்திரி ஹெட்லைட் வெளிச்சத்தில் நாயோ கீரியோ நடுரோட்டில் நின்றுவிடுவதற்கு, இருட்டுக்குப் பழகிய கண் கூசிப்போவதும் காரணம், எதிரி பார்க்காமல் போய்விடுவான் என்று நம்பும் பழைய மூளையும் காரணம். ஹார்ன் அடித்தால் இன்னும் விறைக்கும். லைட்டை டிம் செய்து வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் நகர்ந்துவிடும்.

மனிதர்களிடமும் இதே தடங்கள்தான் இருக்கின்றன. 2017-இல் ஸ்வீடனில் வெளியான ஆய்வு ஒன்று, பாலியல் வன்முறைக்குப் பிறகு ஸ்டாக்ஹோமில் ஒரு சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் கேட்டது. அவர்களில் 70 சதவீதம் பேர், அந்த நேரத்தில் கணிசமான அளவுக்கு உடம்பு உறைந்துபோனதாகச் சொன்னார்கள். "ஏன் கத்தவில்லை, ஏன் தள்ளிவிடவில்லை" என்று கேட்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ரொம்பவும் ஆசைப்படுகிறேன். கத்தும் முடிவு அவர்கள் கையில் இல்லை. உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பெண் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது என்று நம் சட்டத்திலும் 2013 திருத்தத்தில் சேர்த்தார்கள், இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவிலும் அது இருக்கிறது.

இனி கைக்கு வந்த பிராணியை என்ன செய்வது என்பதற்கு வருவோம். பறவை என்றால், தடவிக்கொடுக்காதீர்கள், முகத்துக்கு நேரே வைத்துப் பேசாதீர்கள், அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து மூடி, சத்தமில்லாத இடத்தில் விட்டுவிடுங்கள். பயத்துக்கு இருட்டுதான் மருந்து. பூனை கவ்வியது என்றால் எழுந்து உட்கார்ந்துவிட்டது என்பதற்காக விட்டுவிடவும் கூடாது. பூனையின் பல் ஊசி மாதிரி இறங்கும், மேலே இறகு மூடிக்கொள்ளும், எச்சிலில் இருக்கும் பாஸ்டுரெல்லா என்ற கிருமி உள்ளே பரவி ஓரிரு நாளில் பறவையை முடித்துவிடும். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டி ஆன்டிபயாடிக் கொடுப்பது நல்லது.

வீட்டில் முயல் வளர்ப்பவர்கள் அதை மல்லாத்தி வைத்து, "சொக்கிப் போச்சு பாருங்க" என்று வீடியோ எடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். கோழிக்கு நடந்ததுதான் அதற்கும் நடக்கிறது. குழந்தை கட்டிப்பிடிக்கும்போது நாய் வாலை அசைக்காமல், வாயை மூடி, உடம்பை விறைத்துக்கொண்டு நின்றால், "எவ்வளவு பொறுமை" என்று மெச்சாமல் குழந்தையை மெதுவாக விலக்குங்கள். கடிப்பதற்கு முன்னால் அது கொடுக்கிற கடைசி எச்சரிக்கையாக அது இருக்கலாம்.

வேளச்சேரி, அடையாறு, தரமணி பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. கிண்டிப் பூங்கா வேலிக்கு வெளியே வந்துவிட்ட புள்ளிமான் தெருவில் சிலை மாதிரி நின்றால் கூட்டம் கூடும், ஃபோன்கள் நீளும், யாராவது போய்க் காலைப் பிடிப்பார்கள். மான் எதிர்க்காததால் எல்லாம் சரியாக நடப்பது போலத் தெரியும். மான் இனங்களில் துரத்தலும் பிடிபடலும் தசைகளையே சிதைக்கும். அந்தச் சிதைவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். அன்றைக்குப் பத்திரமாகக் காட்டுக்குள் விட்ட மான் அடுத்த சில நாளில் செத்துப்போவது இதனால்தான். அதனால் தொடாதீர்கள். தெருநாய்களை விலக்கி வையுங்கள், ஆட்களைப் பின்னால் போகச் சொல்லுங்கள், அது வந்த பக்கத்தைக் காலியாக விடுங்கள், வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் வந்தால் முதலில் மானின் கண்ணைத் துணியால் மறைப்பார்கள். அதுவரை பக்கத்து வீட்டுப் பையன்களை ஃபோனோடு தள்ளி நிறுத்தி வைப்பதுதான் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.